துரொம்சோவுக்குப் போகவேண்டிய பெட்டி

சிவகுருநாதன் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க உடைந்த பெட்டிகளைத்தான் பார்த்தார். ஒழுங்காக வந்திறங்கிய பெட்டிகளைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். நசுங்கியது, நனைந்தது, எலி கடித்தது என்று ஏதாவது கோளாறு இருந்தால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, யார் மேல் பிழை என்று சொல்லிவிட்டுப் போவார். ஊரில் எவருக்கும் நல்ல பெயர் வாங்கித் தராத உத்தியோகம். அப்படிப்பட்ட ஒருவரின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, இதைப் பத்திரமாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை!

அவருடைய மனைவி புஸ்பராணி அதைத்தான் செய்தாள்.

பெட்டிக்குள் இருந்தது சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுப்பதற்காக மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், திப்பிலி எல்லாம் வறுத்து இடித்தது. மகள் நிவேதிகாவுக்கு அடுத்த மாதம் முதற்பிள்ளை. ஒஸ்லோவில் இருந்தாலும் பரவாயில்லை, தமிழ்க்கடையில் எதையாவது வாங்கிச் சமாளிக்கலாம். அவள் இருப்பதோ நோர்வேயின் வடக்குத் தொங்கலில், துரொம்சோ என்ற ஊரில். புஸ்பராணி போய் நின்று பார்க்கலாம் என்றால் விசா கிடைக்கவில்லை. அழுது முடித்த கையோடு அவள் அடுப்பை மூட்டி மல்லியை வறுக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மணம் உட்துறைமுக வீதி முழுக்கப் பரவி, போகிற வருகிற பெண்கள் எல்லாம் வாசலில் நின்று, "ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார்கள்.

"நான் வறுத்தன், இடிச்சன்," என்று புஸ்பராணி போத்தல்களைக் கணவரின் முன்னால் வைத்தாள். "அனுப்புறது உங்கட வேலை. அனுப்புறவர் எண்டு உங்கட பேர்தான் போடவேணும்."

"என்ர பேர் ஏன்? நீ வறுத்த தூள், உன்ர பேரைப் போடு."

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும்தான். சிவகுருநாதன் மகளோடு கதைத்து மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. படிக்கப் போன இடத்தில் அவள் இராகுலன் என்ற பையனை விரும்பினாள். பையனில் ஒரு குறையும் இல்லை. குறை, அவன் தம்பலகாமம் இராசையாவின் மகனாகப் பிறந்தது. இராசையா ஒரு காலத்தில் ஹாபரில், அதே துறைமுகத்தில், லொறி ஓட்டியவர். இந்தியாவிலிருந்து கூரை ஓடுகளோடு வந்த பெட்டி ஒன்று நொறுங்கியபோது, அது கப்பலிலேயே உடைந்து வந்தது என்று அவர் சொன்னார். லொறியில் ஏற்றும்போது விழுத்தினது என்று சிவகுருநாதன் சொன்னார். வார்த்தை தடித்து, இருவரும் ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள். "அந்த வீட்டுச் சம்பந்தம் எண்டால் எனக்கு மகளில்லை" என்று அவர் போனில் கத்தினார். அவள் சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே கலியாண எழுத்தை முடித்துக்கொண்டாள். ஒரு ஓட்டுப் பெட்டி உடைந்ததில் ஒரு குடும்பமும் உடைந்த கதை இது. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நிவேதிகா ஒவ்வொரு நாளும் தாயோடு வாட்ஸ்அப்பில் கதைப்பாள். புஸ்பராணி குசினிக்குள் இருந்து சத்தமாகக் கதைப்பாள். சிவகுருநாதன் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி கூட வாசிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். வயிற்றுப்பிள்ளை உதைப்பது, இராகுலன் சோறு குழைய விடுவது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் தெரியாது.

இப்போது பெட்டி அவர் பெயரில் போகவேண்டும். போய்ச் சேருமா என்பது அவருடைய கவலையே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு, அனுப்பியவரின் பெயரைப் பார்த்துவிட்டு அவள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டால்? ஹாபரில் அப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்றே தனியாக ஒரு கொட்டகை இருந்தது. பெறவேண்டியவர் ஏற்க மறுத்த சாமான்கள். உடைந்த பெட்டிக்காவது ஒரு வழி பிறக்கும். மறுக்கப்பட்டவற்றை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே அவர், பயந்த மனிதர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். திருகோணமலையில் ஒரு நல்ல கூரியர் கொம்பனியும் இல்லை என்று நிரூபிக்கப் புறப்பட்டார்.

முதலில் தபால் கந்தோரை விலக்கினார். அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். "மகளுக்கோ அனுப்புறியள்?" என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

மிச்சக் கொம்பனிகளுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்தார். ஒரு மட்டைப்பெட்டிக்குள் அப்பளங்களை அடுக்கி, ரேப் நாடா ஒட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு போவார். கவுண்டரில் கொடுத்து, எடுத்து வைக்கச் சொல்வார். பிறகு அங்கேயே பெட்டியை வாங்கித் திறந்து, எத்தனை அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று பார்ப்பார். துறைமுக நகரத்தில் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் எவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

என்.சி. வீதியில் மாடியில் இருந்த கொம்பனியில், கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல மேசையில் வைத்தாள். ஓர் அப்பளமும் உடையவில்லை. சிவகுருநாதனுக்குப் பெரிய ஏமாற்றம்.

"நடிப்பு," என்று வீட்டில் வந்து சொன்னார். "நான் பாத்துக்கொண்டு நிண்டபடியால் அப்பிடி வைச்சவள். கொழும்புக்குப் போனால் எறிவாங்கள்."

இரண்டாவது கொம்பனி பஸ் நிலையத்துப் பக்கம். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு, அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வருவதற்குள், திருகோணமலை வீதிகளில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று பெட்டியைக் கிழித்து அப்பளத்தைத் தின்றுகொண்டு நின்றது. மட்டையிலும் கொஞ்சம் தின்றிருந்தது. அதைத் துரத்தப் போனால், அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மற்ற அப்பளத்தை எடுத்தது.

"வாசலிலேயே பாதுகாப்பில்லை," என்று அந்தக் கொம்பனியையும் கழித்தார்.

மூன்றாவது இடம் முழுக்கக் கண்ணாடி, ஏசி. அங்கே இருந்த இளைஞன் பெட்டியைப் பார்க்கும் முன்பே, "பெறுறவர்ட போன் நம்பர் சொல்லுங்க சேர்," என்றான். சிவகுருநாதன் தன்னுடைய வீட்டு நம்பரைச் சொன்னார். "நோர்வே நம்பர் சேர்," என்றான் அவன். "அது பிறகு கொண்டு வாறன்," என்று எழும்பியவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

"அங்க ஏசி கூட," என்றார் புஸ்பராணியிடம். "தூளுக்குக் குளிர் பிடிச்சிடும்."

புஸ்பராணி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "துரொம்சோவில முழங்காலளவு பனி கிடக்குதாம். அங்க பிடியாத குளிரோ இங்க பிடிக்கப்போகுது? பிள்ளை பிறந்து, பல்லு முளைச்சு, பள்ளிக்கூடம் போகேக்கையோ உங்கட பெட்டி போகும்?"

"நல்ல கொம்பனியாப் பாக்கவேண்டாமோ?"

"கொம்பனியில ஒரு பிழையும் இல்லை. பிழை எங்க எண்டு கண்டுபிடிக்கிறதுதானே உங்கட வேலை? ஒருக்காக் கண்ணாடியில பாருங்கோ."

வெட்டொன்று துண்டிரண்டாக அவள் சொன்ன பிறகு, மத்தியானச் சோறு அவருக்கு இறங்கவில்லை. மீண்டும் புதிதாக அப்பளம் வாங்கி, பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மீன் சந்தைக்குப் போகிற ஒழுங்கையில் மஹ்ரூப்பின் கடை இருந்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வந்து கடை திறப்பவர். போட்டோக்கொப்பி, போன் கார்ட், கூரியர் மூன்றும் அங்கே உண்டு. பெயர்ப்பலகையில் ஒரு விமானமும் ஒரு கப்பலும் ஏனென்று தெரியாமல் ஒரு குதிரையும் இருந்தன. மஹ்ரூப் பெட்டியை வாங்கினார். இடமும் வலமும் பார்க்காமல், பின்னால் இருந்த பெட்டிக் குவியலின் மேல் தூக்கி எறிந்தார். பொத்தென்று விழுந்தது.

"ஐயோ!" என்று சிவகுருநாதன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அதுக்குள்ள அப்பளம்!"

திறந்து பார்த்தபோது அப்பளம் என்று சொல்லிக்கொள்ள அதற்குள் எதுவும் மிஞ்சவில்லை. மஹ்ரூப் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"ஐயா, நான் பூ மாதிரி வெச்சா மட்டும், போற வழியில எல்லாரும் பூ மாதிரி வெப்பாங்களா? எல்லாரும் எறியத்தான் செய்வாங்க. எறிவாங்க எண்டு தெரிஞ்சு கட்டிட்டா பயம் இல்ல. சாமானைக் கொண்டு வாங்க, நான் கட்டித் தாறன்."

சிவகுருநாதன் அவரை உற்றுப் பார்த்தார். இதைத்தானே அவர் ஹாபரில் தொண்டை கிழியக் கத்தினார்! பெட்டிகளைப் பற்றி உண்மை பேசுகிற ஒரு மனிதரைக் கடைசியில் சந்தித்துவிட்ட சந்தோசம் அவருக்கு. அந்தச் சந்தோசத்தில், தான் ஒரு கொம்பனியையும் பிடித்துவிடக் கூடாது என்று திரிந்ததே மறந்துபோய்விட்டது. அடுத்த நாளே சரக்குத்தூளோடு வந்தார்.

மஹ்ரூப் ஒவ்வொரு போத்தலையும் துணியால் சுற்றி, மூடியை ரேப்பால் இறுக்கி, இடைவெளியெல்லாம் பழைய பேப்பரைத் திணித்து அழகாகக் கட்டினார். சிவகுருநாதன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குறை ஒன்றும் சொல்லக் கிடைக்காமல் தலையைச் சொறிந்தார்.

"பொதிக்கு மேல அனுப்புறவர் எண்டு ஒங்கட பேர் போட்டாச்சு," என்றார் மஹ்ரூப். "இனி ஒரு போன் எடுக்கணும்."

"ஆருக்கு?"

"மகளுக்குத்தான். தூள் சாமான் எண்டா அங்க கஸ்டம்ஸ்ல அவங்களுக்குப் போன் எடுத்துக் கேப்பாங்க. ஆர் அனுப்பினது, உள்ளுக்கு என்ன எண்டு. அவங்க தெரியாது எண்டு சொல்லிட்டா கதை முடிஞ்சிது. பெட்டி திரும்பி வந்திரும்."

திரும்பி வரும் என்ற சொல் சிவகுருநாதனின் நெஞ்சில் போய் இடித்தது. "என்ர மனுசி சொல்லுவா," என்றார் அவசரமாக.

மஹ்ரூப் வீட்டுக்குப் போன் எடுத்தார். புஸ்பராணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "என்னால ஏலாது தம்பி. அனுப்புறவர் அங்கதானே நிக்கிறார்? அவர் சொல்லட்டும். மகளின்ர நம்பர் இப்ப அனுப்புறன்." டக்கென்று வைத்துவிட்டாள். நம்பர் வந்தது. சிவகுருநாதன் வாயைத் திறப்பதற்குள் மஹ்ரூப் அதை அழுத்தி, போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஹலோ?"

தாயோடு குசினிக்குள் கேட்கும் அதே குரல். இப்போது நடுவில் சுவர் இல்லை.

"தங்கச்சி, நான் திருகோணமலையில கூரியர் கடை மஹ்ரூப் கதைக்கிறன். ஒங்கட அப்பா ஒங்களுக்கு ஒரு பெட்டி அனுப்புறார்."

"என்ர அப்பாவோ? அவர் அங்கயோ நிக்கிறார்?"

"முன்னுக்குத்தான் இருக்கார்."

"அவருக்கு என்ர அட்ரஸ் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

மஹ்ரூப் திரும்பினார். "அட்ரஸ் தெரியுமா எண்டு கேக்கிறாங்க."

"கேட்டது. எனக்குக் காது செவிடில்லை," என்றார் சிவகுருநாதன். "பாடமாத் தெரியும் எண்டு சொல்லுங்கோ."

"பாடமாம் தங்கச்சி."

"எனக்கும் கேட்டது. அப்ப என்ர கலியாணத்துக்கு ஒரு வாழ்த்தாவது ஏன் வரேல்லை எண்டு கேளுங்கோ."

மஹ்ரூப் நெற்றியைத் துடைத்தார். "இதெல்லாம் கஸ்டம்ஸ்ல கேக்க மாட்டாங்க தங்கச்சி."

"இராசையாவின்ர ஓட்டுப் பெட்டியில நான் சொன்னதுதான் சரி," என்று சிவகுருநாதன் நடுவில் குரலை உயர்த்தினார். "அதையும் சொல்லுங்கோ!"

"சரியாவே இருக்கட்டும்," என்றது போன். "அந்த ஓட்டுக்காகச் சொந்த மகளோட கதையாமல் இருந்தது சரியோ? அதைக் கேளுங்கோ."

மஹ்ரூப் அதைக் கேட்கவில்லை. போனைப் பார்த்தார், சிவகுருநாதனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு ஒலித்தது. பாங்கை இவ்வளவு நிம்மதியோடு மஹ்ரூப் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நான் தொழுதுட்டு வாறன் ஐயா. கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க. போன் அப்பிடியே இருக்கட்டும்."

"நீங்கள் போனால் ஆர் சொல்லுறது?" சிவகுருநாதன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி நீங்கதான்," என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மஹ்ரூப் செருப்பை மாட்டினார்.

கடையில் சிவகுருநாதனும் போனும் மட்டும். யாரோ ஒருவர் போட்டோக்கொப்பி எடுக்க வந்து எட்டிப் பார்த்தார். சிவகுருநாதன் கையால் போ போ என்று விரட்டினார். போனுக்குள் மகள் மூச்சு விடுவது கேட்டது. வைத்துவிடுவாள், இப்போது வைத்துவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் வைக்கவில்லை. மகளே என்று கூப்பிட வாய் திறந்தார். மூன்று வருடம் பாவிக்காத சொல் வரமாட்டேன் என்றது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கடைசியில் அவர் முதுகை நிமிர்த்தி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தனக்குத் தெரிந்த ஒரே தைரியமான குரலை எடுத்தார். அது ஹாபர் கந்தோர்க் குரல்.

"ஹலோ. கஸ்டம்சில இருந்து கதைக்கிறன்."

"ஆர்?"

"கஸ்டம்ஸ் உத்தியோகத்தர். உங்களுக்கு ஒரு பெட்டி வந்திருக்கு. சில கேள்வியள் கேக்கவேண்டிக் கிடக்கு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"கேளுங்கோ சேர்."

"உள்ளுக்கு என்ன சாமான்?"

"சரக்குத்தூள்."

"என்ன தேவைக்கு?"

"நான் பிள்ளைத்தாய்ச்சி சேர். அடுத்த மாசம் பிள்ளை பிறக்கப்போகுது."

அவருக்கு அது முன்பே தெரியும். ஊருக்கே தெரியும். ஆனாலும் அவள் அவருக்குச் சொன்னது இதுதான் முதல்தடவை. அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பு எப்பிடி?"

"இதுவும் கஸ்டம்சில கேப்பினமோ?"

"ஓம். சட்டம் அப்பிடி."

"கால் கொஞ்சம் வீங்கியிருக்கு சேர்."

"இருக்கேக்கை காலை உயர்த்தி வைக்கவேணும். பனியில தனிய நடக்கக் கூடாது. அதுவும் சட்டம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெட்டி கனம். நீங்கள் தூக்கக் கூடாது. ஆர் வந்து எடுப்பினம்?"

"என்ர அவர் வருவார். இராகுலன்."

அந்தப் பெயர் சிவகுருநாதனின் வீட்டில் முன்னறைக்கு வந்ததே இல்லை, குசினியோடு நின்றுவிடும். "அவர் விழுத்தாமல் தூக்குவாரோ?" என்றார்.

"தூக்குவார் சேர். என்னை ஒருநாளும் விழ விட்டதில்லை."

"நல்லது," என்றார் அவர். பிறகு, எழுதுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் எழுதுகிற ஒருவரைப் போல, இன்னொரு முறையும், "நல்லது," என்றார்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. மஹ்ரூப் சொன்ன கேள்வி. பதில் பிசகினால் பெட்டி திரும்பி வந்துவிடும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தப் பெட்டியை உங்களுக்கு அனுப்பினது ஆர்?"

பதில் வர, மின்விசிறி ஒருதரம் சுற்றி வருகிற நேரம் கூட எடுக்கவில்லை.

"என்ர அப்பா."

சிவகுருநாதன் கையால் கண்ணைத் துடைத்தார். ஆளில்லாத கடையில், குதிரை போட்ட பெயர்ப்பலகைக்குக் கீழே, எவர் பார்த்தாலும் பரவாயில்லை என்று துடைத்தார்.

"லைன் கிளியரில்லை," என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்ர அப்பா."

"வடிவாக் கேக்கேல்லை."

"அப்பா," என்றாள் அவள். அந்தக் குரலும் உடைந்துதான் வந்தது. "அப்பா, அப்பா. இப்ப கேக்குதோ அப்பா?"

"கேக்குது பிள்ளை," என்றார் சிவகுருநாதன். "வைச்சிடாதை. கதை."